வாய் மூடாத வால்வுப் பெட்டி

"அந்தப் பொட்டி என்னைக்கு வாய மூடுதோ, அன்னைக்குத்தான் இந்த வூட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு என் மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறிப் போனார். பெட்டி என்று அவர் சொன்னது, என் கிதாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப்பை. அவர் போன கையோடு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், வாயை மூட வேண்டியது பெட்டி மட்டும்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பெரம்பலூரில் விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை என்னுடையது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பருத்தி இலையையும் மக்காச்சோளக் குருத்தையும் பிடுங்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். மேஜையில் போட்டு, "இது என்னாங்க?" என்பார்கள். இலையைத் திருப்பிப் பார்த்து, இலைப்பேன் என்றோ புழு என்றோ சொல்லி மருந்து கொடுப்பேன். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வேறு மருந்து கொடுப்பேன். இந்தத் தொழில் எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. உலகத்தில் எதைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாலும் அதற்கு என்ன நோய் என்று என்னால் சொல்லிவிட முடியும் என்கிற தைரியம்.

கிதார், திருச்சியில் படித்த நாளில் ஒட்டிக்கொண்ட பழக்கம். மற்ற கெட்ட பழக்கங்கள் கல்யாணத்தோடு விட்டுப்போயின. இது மட்டும் போகவில்லை. ஆம்ப் பின்னால் வந்தது. பொன்மலையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர், மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிற அவசரத்தில் அதை எனக்குத் தந்தார். பழைய காலத்து வால்வு ஆம்ப். யூரியா மூட்டையைத் தூக்குகிற கனம். பின்பக்கம் எட்டிப் பார்த்தால், கண்ணாடிக் குழல்களுக்குள் கம்பி சிவந்து எரிந்துகொண்டிருக்கும். இப்போதெல்லாம் டிபன் பாக்ஸ் அளவில் ஆம்ப் வருகிறது, அதையே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களிடம் நான் பேசுவதில்லை. இதில் ஒரு கம்பியைத் தட்டினால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இளகும். அவ்வளவுதான், வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

மாமியார் எங்களோடு வந்து சேர்ந்தது நாங்கள் வீடு கட்டி முடித்த சமயம். மாமனார் காலமான பிறகு எறையூரில் கரும்புக் காட்டுக்கு நடுவே தனியாக இருந்தவரை, மனைவி விடாப்பிடியாக அழைத்து வந்தாள். அம்மி, ஆட்டுக்கல், பித்தளை அண்டா என்று ஒரு மினி வேன் நிறையச் சாமான் வந்து இறங்கியது. அன்றைக்குத்தான் நான் கேட்டுக்கு அருகே, காம்பவுண்டின் ஈசான மூலையில் அந்தக் கல்லைப் பார்த்தேன். சதுரமான கல். நடுவில் ஒரு துளை. மேலே சிவப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் மாமியார் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எறையூரிலிருந்து குலசாமியையும் சேர்த்து ஏற்றி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் பெண் வீட்டுச் சாமியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது கல்யாணமான எந்த ஆணுக்கும் தெரியும். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடுவேன். மாமியாரும் அதைப் பார்த்து நிறைவாகத் தலையசைப்பார். செவ்வாய், வெள்ளி தவறாமல் ஒரு குடம் தண்ணீரும் ஒரு கை கல்லுப்பும் அந்தத் துளைக்குள் போகும். "எவ்வளவு ஊத்துனாலும் குடிக்குது பாருங்க மாப்ள, நல்ல துடியான சாமி" என்பார். கல்லுப்பு ஏன் இப்படிக் காணாமல் போகிறது என்று என் மனைவி மாதாமாதம் வியப்பாள்.

அந்தச் சமயத்தில் என் இடது கை மோதிர விரல் நுனியில் ஒரு மரு கிளம்பியிருந்தது. கம்பியை அழுத்துகிற இடத்திலேயே. அழுத்தினால் உயிர் போகும். களிம்பு தடவினேன், தடவினேன், தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் உதிர்ந்தது. அந்தக் களிம்பை அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தேன்.

சண்டைக்கு வருகிறேன். வால்வு ஆம்ப் போட்டவுடன் பாடாது. சூடாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் குளிக்கப் போய்விடுவேன். ஆம்ப் ஹாலில் தென்மேற்கு மூலையில், தூசி படாமல் ஒரு பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். சூடாகிறபோது அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. டிக், டிக், டிக். சற்று நிறுத்தி மறுபடி டிக், டிக். வால்வு என்றால் அப்படித்தான் என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மாமியார் கண்டுகொண்டார். எங்கேயாவது கிளம்பும்போது பல்லி சொன்னால், எந்தத் திசையில் சொன்னது, என்ன கிழமை என்று பார்த்து, காலண்டரின் பின்பக்கத்தில் கௌளிப் பலனைப் படித்துவிட்டுத்தான் செருப்பில் கால் நுழைப்பார். ஞாயிற்றுக்கிழமை தென்மேற்கில் பல்லி சொன்னால் அந்தக் காலண்டரின்படி பயணம் கூடாது. உறவில் விசேஷங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஆம்ப் போடுகிறேன். அத்தை பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வருவார். டிக், டிக், டிக். முகம் சுருங்கி உட்கார்ந்துவிடுவார். பூலாம்பாடியில் ஒரு நிச்சயதார்த்தம் இப்படிப் போனது. கீழப்பழுவூரில் ஒரு மஞ்சள் நீராட்டு போனது. கடைசியாக எறையூரில் அவருடைய சொந்தத் தம்பியின் பேத்திக்குக் காதுகுத்து. தட்டில் பழமும் சீரும் அடுக்கி வைத்துவிட்டு, கிளம்புகிறபோது டிக் என்றதும் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். டிக். கால் கழுவிவிட்டு எழுந்தார். டிக், டிக். அன்றைக்கு அவர் போகவே இல்லை. அக்கா வரவில்லை என்று தம்பி கோபித்துக்கொண்டு போனைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் குளித்துவிட்டு வந்தபோது மாமியார் அந்தச் சேலையை விலக்கிவிட்டு ஆம்ப்பின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். டிக், டிக் என்றது.

"மாப்ள, இதுக்குள்ள பல்லி இருக்கா?"

"பல்லி இல்லத்தை. ஆம்ப்பே அப்படித்தான் சத்தம் போடும்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

அவர் முகத்தில் பூலாம்பாடி, கீழப்பழுவூர், எறையூர் எல்லாம் வரிசையாக வந்து போயின. அந்த நேரத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அடக்க அடக்க இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பொட்டி பேச்சக் கேட்டு என் கூடப் பொறந்தவன் மொகத்துல முழிக்க முடியாமப் பண்ணிட்டீங்களே" என்றார். அதற்கு அடுத்ததாகத்தான் நான் முதலில் சொன்ன சபதம்.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் அத்தைக்கு இடமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. ஆனால் மகள் வீடு போல இல்லை என்று அவர் குரலே போனில் சொல்லும். என் மனைவி அரசுப் பள்ளியில் ஆசிரியை. கெடு வைப்பதில் பழக்கமுள்ளவள். "ஆடி பொறக்கறதுக்குள்ள சத்தம் நிக்கணும், அம்மா இங்க வந்திருக்கணும். இல்லன்னா பொட்டி காயலான் கடைக்குப் போவுது" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். சென்ற வருடம் என் பைக்கை அப்படித்தான் விற்றாள்.

ஆக, நோய் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன். டிக் குறையவில்லை. அப்படியென்றால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால் இருக்கிற பகுதியில். வால்வை ஒவ்வொன்றாக உருவினேன். ஒன்றை உருவியதும் சத்தம் நின்றது. ஆகா, வால்வு செத்துவிட்டது என்று திருச்சிக்குப் போய் வேறு வால்வு வாங்கி வந்து சொருகினால், புது வால்வும் டிக் என்றது. குற்றவாளி வால்வு இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கிற வழியில் யாரோ. ஆம்ப்பைத் திறந்து, மின்சாரம் ஓடுகிற சுற்றில் கை வைத்தால் ஆளையே தூக்கி அடித்துவிடும் என்பதால், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையில் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வோர் உறுப்பாகத் தட்டினேன். அந்தக் குச்சி மாமியாரின் பூஜைத் தட்டில் எரிந்து முடிந்த பெரிய ஊதுபத்தியின் அடிக்குச்சி. பழுப்பேறிய ஒரு ரெசிஸ்டரைத் தொட்டதும் ஆம்ப் படபடவென்று பொரிந்தது. மாற்றினேன். பல்லி ஓய்ந்தது.

வெற்றிக் களிப்பில் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"டிக்கு போயிருச்சு. இது என்னங்க, உம்முனு?"

இருந்தது. மெல்லிய உறுமல். மாவு மில்லுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தால் கேட்குமே, அந்த மாதிரி. வால்வு ஆம்ப் என்றால் கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்றேன். "முனகுனா வாய் மூடலன்னுதான் அர்த்தம்" என்று விடைத்தாளைத் திருத்துகிற குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பங்குனி முடிந்து சித்திரை வந்தது. பெரம்பலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்தது. அதே வேகத்தில் உறுமலும் ஏறியது. மில்லுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவன் மில்லுக்குள்ளேயே குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. மின்சாரத்தைச் சீராக்குகிற பழைய கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று முடிவுகட்டி அத்தனையும் மாற்றினேன். உறுமல் அப்படியே இருந்தது. கிதாரின் ஒயரை மாற்றினேன். ஆம்ப்பை ஹாலிலிருந்து படுக்கையறைக்கும், படுக்கையறையிலிருந்து சமையலறைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். டியூப் லைட்தான் காரணம் என்று அணைத்தேன். ஃபேனின் ரெகுலேட்டர் என்று நிறுத்தினேன். கடைசியில் ஒரு ஞாயிறு பகல் முழுக்க ஆம்ப் ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப்போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த மாவு பொங்கி வழிந்தது. பால் திரிந்தது. மனைவி விசிறிமட்டையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறுமல் குறையவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பருத்தியில் எந்தப் புழு வந்தாலும் மூன்றாவது மருந்தில் அடங்கிவிடும். இந்தச் சனியனுக்கு நான் கொடுக்காத மருந்தே இல்லை.

பல்லியைத் தீர்த்துவிட்டதையாவது காட்டலாம் என்று ஆம்ப்பைக் கடை வேனில் ஏற்றிக்கொண்டு அரியலூர் போனேன். முன் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டேன். மச்சினன் வீட்டு ஹாலில், சிமெண்ட் தூசி படிந்த ஜன்னலுக்குக் கீழே இறக்கி வைத்துச் சுவிட்சைப் போட்டேன். மாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆம்ப் சூடானது. நாங்கள் காத்திருந்தோம். ஒன்றுமே கேட்கவில்லை. டிக் இல்லை, உறுமலும் இல்லை. ரிப்பேராகிவிட்டதோ என்று பயந்துபோய்க் கம்பியைத் தட்டினேன். கணீரென்றது.

"மாமா, சூப்பரா பண்ணிட்டீங்க" என்றான் மச்சினன். என்ன பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். கிடைக்கிற பெயரை யார் விடுவார்கள்?

மாமியார் ஆம்ப்பைச் சுற்றி வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பையை எடுத்தார். பெரம்பலூர் வரும்வரை எங்கள் இருவருக்கும் நடுவில் ஆம்ப் உட்கார்ந்து வந்தது. அவர் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, வழியெல்லாம் மருமகள் வைக்கிற ரசத்தைப் பற்றிப் பேசினார்.

எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே அவர் நின்றுகொண்டார். "போட்டுக் காட்டுங்க, வரேன்" என்றார். நான் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, ஜன்னலைத் திறந்து வைத்துச் சுவிட்சைப் போட்டேன். முதலில் சத்தமே இல்லை. என் மனைவி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். வால்வு சூடாகச் சூடாக, எங்கோ தூரத்தில் கிளம்பியதுபோல உறுமல் கிளம்பி, மெல்ல ஏறி, ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.

"வரேன் மாப்ள" என்றார் அத்தை, தெருவிலிருந்து.

"அம்மா, ஒரு வாய் காப்பியாவது குடிச்சிட்டுப் போம்மா."

"வாசப்படி மிதிக்காம காப்பி எப்புடிக் குடிக்கிறது? இங்க கொண்டாந்து குடு."

தெருவில் நின்றே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டுக்கு மேலாக எட்டி ஈசான மூலையைப் பார்த்தார். "சாமி காஞ்சு கெடக்கு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்த ஆளில்லையா இந்த வூட்டுல?"

"பரீட்ச நேரம்மா, மறந்துட்டேன்."

"ம். நான் இருந்து என்ன, இல்லாட்டி என்ன" என்று சொல்லிவிட்டு நடந்தார். அது எங்களில் யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. கோபத்தில் சொன்னமாதிரி இல்லை. அது எனக்குச் சுருக்கென்றது.

என் மனைவி உள்ளே வந்து ஆம்ப்பைப் பார்த்து, "எங்கம்மா இருக்கிற எடத்துல சத்தம் வரல பாத்தீங்களா" என்றாள். நான் அப்படிப்பட்ட பேச்சுகளை நம்புகிறவன் இல்லை. நம்பாவிட்டாலும் காரணம் சொல்ல வேண்டுமே, சொல்லத் தெரியவில்லை. அரியலூரில் வாயைத் திறக்காத பெட்டி பெரம்பலூரில் ஏன் உறுமுகிறது?

பதில் அடுத்த ஞாயிறு என் விரல் வழியாகவே ஏறியது. குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து கிதார்க் கம்பியில் கை வைத்தேன். தோள்வரை சுள்ளென்று இழுத்தது. கிதாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, டெஸ்டரை எடுத்து ஆம்ப்பின் இரும்பு உடம்பில் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் வைத்தேன். அதிலும் எரிந்தது. வாஷிங் மெஷினிலும் எரிந்தது.

"நான் எத்தன நாளா சொல்றேன், ஃப்ரிட்ஜு கடிக்குதுன்னு" என்றாள் மனைவி. "நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை சாப்புடுன்னு சொன்னது யாரு?"

அந்த மாத்திரையையும் நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைப் பேசாமல் விஷயத்துக்கு வந்தேன். கோளாறு ஆம்ப்பில் இல்லை. வீட்டுக்கே எர்த் இல்லை. கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் இரும்பு இருக்கிற இடமெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் மற்றவை கமுக்கமாக இருந்துவிட்டன. என் ஆம்ப் மட்டும்தான் வாய்விட்டுக் கத்தியிருக்கிறது. அதைப் போய்த் திட்டினேனே என்று இருந்தது.

எர்த் குழி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் இப்போது துபாயில் இருக்கிறார். வாட்ஸாப்பில் பிடித்தேன்.

"எர்த்துக் குழியா சார்? ஈசான மூலையில இருக்கு. கேட்டுக்குப் பக்கத்துல."

போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே நடந்தேன்.

"குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்ப எறக்கி, மேல சதுரமா ஒரு கல்லு வச்சு மூடியிருப்பேன். தண்ணி ஊத்துறதுக்கு நடுவுல ஓட்ட இருக்கும். கார் ஏறிடக் கூடாதுன்னு கல்லுல செவப்புப் பெயிண்டு அடிச்சிருக்கேன், பாருங்க."

நான் பார்த்தேன். மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமப் பொட்டு வெளுத்திருந்தது. கருகிய ஒரு முழம் கதம்பம் துளையைச் சுற்றிக் கிடந்தது. பழக்கதோஷத்தில் நான் செருப்பைக் கழற்றியிருந்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வெயில் காலத்துல காஞ்சிரும் சார். அப்பப்ப தண்ணி ஊத்தணும், கொஞ்சம் உப்பும் போடணும். ஊத்துறீங்களா?"

"செவ்வா, வெள்ளி ஊத்திக்கிட்டிருந்தாங்க. மாசியிலேர்ந்துதான் இல்ல."

"பரவால்லயே! யாரு சார் அவ்ளோ பொறுப்பா?"

"எங்க அத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது?

மனைவியைக் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினேன். "இது உங்க வூட்டுச் சாமிதான?" என்றேன்.

"என்னது? உங்க வூட்டுச் சாமி இல்லையா? வீடு கட்டும்போது நீங்க வச்சதுன்னுல்ல நெனச்சோம். உங்க குலசாமியப் பத்திக் கேட்டா உங்களுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு அம்மாதான் கேக்க வேணாம்னு சொல்லிச்சு."

நடந்ததைச் சொன்னேன். அவள் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்னவோ ஏதோ என்று உள்ளே போய்விட்டார்.

ஆம்ப்பைப் போட்டுவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைத் துளையில் ஊற்றினேன். உறுமல் ஒரு படி இறங்கியது போல இருந்தது. சந்தோஷத்தில் குடத்தை எடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நீங்களே ஊத்தி நிறுத்திட்டா அப்பறம் அம்மா வந்து என்ன பண்ணும்?" என்றாள்.

குடத்தை இறக்கி வைத்தேன். ஆம்ப்பை அணைத்து ஒயரைச் சுற்றி வைத்தேன். மறுநாள் வரை செருப்புப் போட்டுக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தோம்.

காலையில் கடையைத் திறக்காமல் அரியலூர் போனேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"நீங்க போனதுலேர்ந்து வூடே ஷாக் அடிக்குதுத்தை."

"என்னா மாப்ள, கேலி பண்றீங்களா?"

"இல்லத்தை. நெசமாவே" என்று கல், குழி, உப்பு, கரி, துபாய் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் பின்னால் நின்று சிரிக்க ஆரம்பித்தான். "சும்மா இர்றா" என்று அவனை அடக்கினார். கீரையைக் கீழே வைத்தார்.

"அப்ப அது உங்க சாமி இல்லையா?"

"இல்லத்தை. நீங்க எறையூர்லேர்ந்து கொண்டாந்ததுன்னு நெனச்சேன்."

"நான் அம்மி கொண்டாந்தேன், ஆட்டுக்கல்லு கொண்டாந்தேன். சாமியையா வேன்ல ஏத்திக்கிட்டு வருவேன்?" என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அவமானப்பட்டுவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார்: "சாமி இல்லன்னா உங்க மரு எப்புடிப் போச்சு?"

"என்ன மரு அத்தை?"

"வெரல்ல இருந்துச்சே. அந்தக் கம்பிய அழுத்தும்போதெல்லாம் மொகம் சுளிப்பீங்களே. உப்பு கரையற மாதிரி மருவும் கரையணும்னு நேந்துக்கிட்டுத்தான் உப்புப் போட்டேன். போனதுக்கப்பறம் நிறுத்தலாம்னு பாத்தேன், திரும்பி வந்துருச்சுன்னா நீங்க எப்புடி வாசிப்பீங்க? அதான் போட்டுக்கிட்டே இருந்தேன்."

என் கிதாருக்கு இந்த வீட்டில் ஒரே எதிரி இவர்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். களிம்புதான் குணமாக்கியது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல், கீழே கிடந்த கீரைத் தண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்கத்தை, போலாம்" என்றேன்.

"சத்தம் நின்னுருச்சா?"

"இன்னும் இல்ல. நீங்க வந்து ஊத்துனாத்தான் நிக்கும்."

"சத்தம் நிக்காம நான் எப்புடி வர்றது?"

"வாசப்படியத்தான மிதிக்க மாட்டேன்னீங்க. கேட்டுக்குள்ள வர மாட்டேன்னு சொல்லலையே."

அவர் யோசித்தார். தன் சபதத்தின் வார்த்தைகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. "அது சரிதான்" என்று எழுந்தார்.

வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவரே இறங்கிக் கல்லுப்பு வாங்கினார். பெரம்பலூரில் கேட்டைத் தாண்டி வாசப்படியின் பக்கமே திரும்பாமல் நேராக ஈசான மூலைக்குப் போனார். நான் செருப்போடு உள்ளே போய் ஆம்ப்பைப் போட்டு ஜன்னலைத் திறந்தேன். வால்வு சூடானது. உறுமல் கிளம்பித் தெருவரை கேட்டது. மனைவி குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அத்தை ஊற்றினார். உறுமல் இறங்கியது. நிறுத்திக் காது கொடுத்தார். மறுபடி ஊற்றினார். இன்னும் இறங்கியது.

"இன்னும் முனகுது" என்றார் அங்கிருந்தே. "உப்பக் கொண்டா."

உப்பைப் போட்டு, அதன்மேல் இன்னொரு குடம் ஊற்றினார். மண் குடிக்கிற சத்தம் ஜன்னல்வரை கேட்டது. கேட்டது என்றால், ஆம்ப்பின் சத்தம் இல்லை என்று அர்த்தம். நான் டெஸ்டரை அதன் உடம்பில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தேன். எரியவில்லை. நிம்மதியில் செருப்பைக் கழற்றி எறிந்தேன்.

அத்தை கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். எர்த் குழி என்று தெரிந்த பிறகுமா என்று நான் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டவர் போல, "ஷாக் அடிக்காம எல்லாரையும் பாத்துக்குதுல்ல, அப்பறம் என்ன" என்று சொல்லிக்கொண்டே கால் கழுவினார். வலது காலை வாசப்படிக்கு நேராகத் தூக்கினார்.

டிக், டிக், டிக்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஆம்ப்பைப் பார்த்தேன். மனைவி மேலே கை காட்டினாள். டியூப் லைட்டுக்குப் பின்னால் தடித்த பல்லி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"நெசப் பல்லிதான்மா."

"எந்தத் தெச?"

"கெழக்கு."

"கெழக்குன்னா நல்லதுதான்" என்று உள்ளே வந்தார். பையை வைத்தார். நேராக ஆம்ப்பின் முன்னால் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, வெரலக் காட்டுங்க" என்றார். காட்டினேன். நுனியைத் தடவிப் பார்த்தார். "ம், நல்லாத்தான் இருக்கு. வாசிங்க."